மீதி பத்துப் பேர்

"பி.எச்டி பண்றீங்களாமே டீச்சர், எதுல?" என்று கேட்பார்கள். கல்வியியலில், மதிப்பீடு பற்றி என்று சொல்வேன். "மதிப்பீடுன்னா, மார்க் போடுறதா?" என்பது அடுத்த கேள்வியாக வரும்.

ஆமாம், மார்க் போடுவதுதான். பதினாறு வருடமாக நான் செய்துவரும் வேலை அது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். எத்தனை ஆயிரம் தாள்கள் திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எதைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது இந்த நான்கு வருடத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகுதி நேரமாகப் பதிவு செய்தபோது நான் எடுத்துப்போன தலைப்பு, "முழுமையான தொடர் மதிப்பீடு குறித்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் மனப்பான்மை". ஐந்து புள்ளி அளவுகோலில் நாற்பது கூற்றுகள். முந்நூறு ஆசிரியர்களிடம் கொடுத்து வாங்க வேண்டியது. அப்புறம் ஆண் பெண் வேறுபாடு, கிராமம் நகரம் வேறுபாடு, அரசுப் பள்ளி தனியார் பள்ளி வேறுபாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-டெஸ்ட், அதாவது இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை. இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் போய்த் தேடினால் கல்வியியலில் இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வரிசையாக வரும். நானும் அவற்றைப் பார்த்துத்தான் தயார் செய்திருந்தேன்.

எங்கள் நெறியாளர் மேடம் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சரிம்மா, ஆண் டீச்சருக்கும் பெண் டீச்சருக்கும் மனப்பான்மையில வித்தியாசம் இருக்குன்னே வச்சுக்குவோம். திங்கட்கிழமை காலையில உன் வகுப்புக்குப் போய் அதை வச்சு என்ன செய்வ?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. "உன் பிள்ளைங்க தப்பா எழுதின தாள் ஐம்பது கொண்டு வா. மார்க் இல்லை, தாள்" என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இன்று யோசித்தால், எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான். மனப்பான்மை ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேரத்தையும் பணத்தையும் வாழ்க்கையில் ஐந்தாறு வருடத்தையும் போட்டுச் செய்கிற ஒரு வேலை, ஒரு வகுப்பறையின் கதவையாவது தட்ட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆய்வைத் தொடங்கும் முன் படித்துத் தேர்வெழுத வேண்டிய கோர்ஸ் வொர்க்கில் மூன்று தாள்கள். ஆய்வு நெறிமுறைகள் பற்றிய தாளை ஒரு விடுமுறையில் படித்து முடித்துவிட்டேன். என்னை அடித்துப்போட்டது அளவீடு பற்றிய தாள்தான். எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-லேயே தேர்வுகளின் புள்ளியியல் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தராசில் நிறுக்கும்போது எப்படிப் பிழை வருகிறதோ அப்படியே மார்க்கிலும் பிழை உண்டு, அதைக் கணக்கிடவும் முடியும் என்பது அவர் வாதம். அப்புறம் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912-இல் ஒரு வேலை செய்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்து 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். அந்த ஒரே தாளுக்கு 64-இலிருந்து 98 வரை மார்க் வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான், கணக்கில் நடக்காது என்று பலர் சொன்னார்கள். மறு வருடம் வடிவியல் தாளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு 28 முதல் 95 வரை வந்தது.

கணக்கு டீச்சரான நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். கணக்கில் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். படத்துக்கு எவ்வளவு, படிக்கு எவ்வளவு, அலகு எழுதாததற்கு எவ்வளவு குறைப்பது என்று யோசித்தால் நாங்கள் போடும் மார்க்கும் அப்படித்தான் ஆடியிருக்கும். நம் பொதுத்தேர்வில் விடைக்குறிப்பு உண்டு, படிக்குப் படி மார்க் பிரித்துக் கொடுக்கிறார்கள், முதன்மைத் தேர்வாளர் மேற்பார்வை உண்டு. அதனால் ஆட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் இல்லாமல் போய்விடாது.

பத்தாம் வகுப்பு திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூட்டிப் பார்த்து 33, 34 என்று வந்தால் கை தானாக முதல் பக்கத்துக்குத் திரும்பும். எங்காவது ஒரு மார்க் விட்டுப்போயிருக்கிறதா என்று கண் தேடும். அது இரக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது ஒரு மார்க் எவ்வளவு ஆடக்கூடும் என்ற பாடத்தைப் படித்த பிறகு அதற்கு வேறு பெயர் கிடைத்தது. ஒரு தேர்வின் திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15, நம்பகத்தன்மைக் கெழு (மறுபடி வைத்தாலும் முடிவு எவ்வளவு மாறாமல் வரும் என்ற அளவு, உச்சம் 1) 0.84 என்று வைத்துக்கொள்வோம். அது மோசமான தேர்வே இல்லை. அதற்கும் திட்டப் பிழை 6 மார்க் வரும். அதாவது 34 வாங்கிய பிள்ளையின் உண்மையான நிலை 28-க்கும் 40-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். அதையும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான் சொல்ல முடியும். நாமோ 35-இல் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் தேர்ச்சி, அந்தப் பக்கம் தோல்வி என்று எழுதிவிடுகிறோம். கோடு தேவைதான், எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 34 வாங்கிய பிள்ளையைப் பார்த்து "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் புள்ளியியல் அனுமதி கொடுக்கவில்லை. நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1991-இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. எங்கள் அம்மா சைக்கிளும் கற்றார், எழுத்தும் கற்றார். கடைசியில் ஒரு தேர்வு வைத்தார்கள். அம்மா வாழ்நாளில் எழுதிய ஒரே தேர்வு அதுதான். எனக்கு அப்போது ஆறு வயது. நாங்கள் படிக்கிற பெஞ்சில் அம்மா ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஆய்வுக்காகப் படிக்கும்போதுதான் தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்திருந்த அளவுகோல் கண்ணில் பட்டது. எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், புரிந்துகொண்டு நிமிடத்துக்கு 7 சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்வதைக் கேட்டு 5 சொல் எழுத வேண்டும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம், "பரீட்சையில பாஸாயிட்டோம்னு உனக்கு எப்பம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன். முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார்: "பாஸு ஃபெயிலெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஒருநா கீரனூரு போக நின்னேன். பஸ்ஸு வந்துச்சு. யாருகிட்டயும் கேக்காம ஏறிட்டேன்."

ஏற்புடைமை என்று எங்கள் பாடத்தில் ஒரு சொல் உண்டு. எதை அளக்கிறோம் என்று சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி அது. சாமுவேல் மெஸ்ஸிக் என்பவர் அதைப் பற்றி கிட்டத்தட்ட நூறு பக்கம் எழுதியிருக்கிறார். அதை எத்தனை முறை படித்தாலும், அம்மா யாரிடமும் கேட்காமல் ஏறிய அந்த பஸ்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. நிமிடத்துக்கு 30 சொல் என்ற கணக்கையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் படிக்கும் ஓர் இயக்கத்துக்கு அப்படி ஒரு பொது அளவு கட்டாயம் வேண்டும். அந்த 30 சொல் பஸ் போர்டு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆய்வுக்கு வருகிறேன்.

ஐம்பது தாள்களில் ஆரம்பித்த வேலை கடைசியில் இப்படி முடிவானது: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னம், தசமம், வகுத்தல் ஆகியவற்றில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் குறையறி தேர்வு ஒன்றைத் தயாரிப்பது. சாதாரணத் தேர்வு பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கும். குறையறி தேர்வு, தெரியாத இடத்தில் பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கும். அதனால் தவறான விடைகளைத்தான் சரியான விடையைவிடக் கவனமாகத் தயார் செய்ய வேண்டும். 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 0.35 என்று சொல்கிற பிள்ளை குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. 35, 5-ஐ விடப் பெரியது என்ற முழு எண் அறிவை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறது. அந்த யோசனையைப் பிடிக்க ஒரு விடை, வேறொரு யோசனையைப் பிடிக்க இன்னொரு விடை. ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் பழைய தாள்களிலிருந்துதான் எடுத்தேன். அதற்கே ஒரு வருடம் ஓடிவிட்டது.

½ + ⅓ = ⅖ என்று எழுதிய ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டுவது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த தவறு. "பகுதி வேறயா இருந்தா மீ.சி.ம எடுக்கணும்னு சொன்னேன்ல?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆய்வு முறைப்படி நான் கற்பிக்கக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். உரக்க யோசிக்கச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும். பதினாறு வருடப் பழக்கத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று டீச்சர்களுக்குத் தெரியும். "எப்படிப்பா கூட்டின?" என்றேன். அவன் ரொம்பத் தெளிவாகச் சொன்னான்:

"ரெண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு. நீங்க எஃப்.ஏ மார்க்கு அப்படித்தானே டீச்சர் கூட்டுவீங்க?"

எஃப்.ஏ என்பது வளரறி மதிப்பீடு, பருவம் நடக்கும்போதே போடும் மார்க். என் மேசைமேல் அந்தப் பதிவேடு திறந்தே கிடந்தது. 2012-13-இல் தொடர் மதிப்பீடு வந்ததிலிருந்து வளரறிக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று போட்டுக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். பத்துக்கு ஏழு, இன்னொரு பத்துக்கு எட்டு, ஆக இருபதுக்குப் பதினைந்து. பிள்ளைகள் கண் முன்னால் ஒவ்வொரு பருவமும் அதைச் செய்கிறேன். எழுதும் விதத்திலோ அது பின்னம் போலவே இருக்கிறது: 7/10, 8/10, 15/20. அவன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். மார்க்கைக் கூட்டுவதும் பின்னத்தைக் கூட்டுவதும் ஏன் வேறு என்று பதினாறு வருடத்தில் ஒரு நாளும் நான் வகுப்பில் பேசியதில்லை. இப்போது பின்னக் கூட்டலைத் தொடங்கும்போதே அந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். திங்கட்கிழமை காலையில் என்ன செய்வாய் என்று மேடம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் இது.

அப்புறம் ஒரு பஸ் கணக்கு.

"ஒரு பள்ளியிலிருந்து 130 மாணவர்கள் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா செல்கின்றனர். ஒரு பேருந்தில் 40 இருக்கைகள் உள்ளன. எத்தனை பேருந்துகள் தேவை?" விடைகள்: 3, 3.25, 4, 90. மீதியை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக எழுதிய கேள்வி. 3 என்று எழுதினால் மீதியைக் கவனிக்கவில்லை, 3.25 என்றால் சூழலை யோசிக்கவில்லை, 90 என்றால் கழித்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தேன்.

முன்னோட்டத் தேர்வு முடிந்து, ஒவ்வொரு கேள்வியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் வினாப் பகுப்பாய்வுக்கு உட்கார்ந்தேன். அது ஒன்றும் மந்திரம் இல்லை. தாள்களை மார்க் வரிசைப்படி அடுக்கி, மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுத்துக்கொள்வது. ஒரு கேள்வியை மேல் குழுவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ்க் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணி, வித்தியாசத்தை ஒரு குழுவின் எண்ணிக்கையால் வகுத்தால் பிரித்தறி குறியீடு, அதாவது கேள்வி இரண்டு குழுவையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு வரும். அது 0.20-க்குக் கீழே இருந்தால் கேள்வியைத் தூக்கிவிடு அல்லது திருத்து என்பது ஈபெல் என்ற அளவீட்டு அறிஞர் சொன்ன விதி. ஜமோவி என்ற இலவச மென்பொருளில் எல்லாம் வந்துவிடும் என்றாலும், முதல் தடவை தரையில் தாளைப் பரப்பி விரல் விட்டு எண்ணித்தான் செய்தேன். ஆய்வு செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு முறையாவது அப்படிச் செய்யுங்கள். தரவுப் பகுப்பாய்வு செய்து தரப்படும் என்று ஜெராக்ஸ் கடை வாசலில் போர்டு வைத்திருப்பவர்களிடம் உங்கள் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள். கண்டுபிடிப்பதற்கு ஏதாவது இருந்தால் அது அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

பஸ் கணக்கில் மேல் குழுவுக்கும் கீழ்க் குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு குழுவிலும் பாதிக்கு மேல் 3 என்றே எழுதியிருந்தார்கள். விதிப்படி தூக்கிவிட வேண்டியது. ஆனால் நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள் இதில் ஏன் விழுந்தார்கள் என்று மனசு கேட்கவில்லை. மறுநாள் மேல் குழுவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"மூணு பஸ்ஸுல நூத்திருபது பேரு. மீதி பத்துப் பேரு."

"சரி, அந்தப் பத்துப் பேரு?"

"நின்னுக்கிட்டு வருவாங்க டீச்சர்."

நான் எதுவும் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். "ஒரு பஸ்ஸுக்கு மூணு பேரு, ஒண்ணுல மட்டும் நாலு பேரு. சித்தன்னவாசல் பக்கத்துலதானே இருக்கு."

மீதியைக் கவனிக்காத பிள்ளை இல்லை அவள். மீதியைக் கவனித்து, அதை மறுபடியும் மூன்றால் வகுத்து, ஒவ்வொருவருக்கும் நிற்க இடம் கொடுத்திருக்கிறாள். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குப் பத்துப் பேருக்காக இன்னொரு பஸ் பிடிப்பது என்பது தோன்றவே தோன்றாது. இருக்கை என்றால் ஆள் எண்ணிக்கை என்று நான் நினைத்தேன். அவள் ஊரில் அப்படி இல்லை. கீழ்க் குழுவில் ஒரு பையனைக் கேட்டேன். அவனும் 3. "நாப்பது மூணு தடவ போகும் டீச்சர்." அப்புறம்? "அவ்வளவுதான்." இரண்டு பேருக்கும் ஒரே விடை, ஒரே பூஜ்யம். நான் பேசிப் பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே குறை என்று என் ஆய்வேட்டில் எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலம் மேடத்துக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்குத்தாம்மா தாள் கொண்டு வரச் சொன்னேன்" என்றார்.

2011 டிசம்பரில் பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வின் முடிவு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்ட தேர்வு அது. வாசிப்பில் நமக்கு 337, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி அமைப்பின் சராசரி 493. பட்டியலில் நமக்குக் கீழே இருந்தவை இமாசலமும் கிர்கிஸ்தானும்தான். ஆசிரியர் அறையில் ஒரே சண்டை. கேள்வி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று ஒரு கட்சி, நாம் சொல்லிக்கொடுப்பதே சரியில்லை என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதைத் தீர்க்க ஒரே வழி, அந்தப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று உட்கார்ந்து படிப்பதுதான். நாங்கள் யாரும் அதைப் பேசவில்லை. இந்தியா அதற்குப் பிறகு அந்தத் தேர்வுக்கே போகவில்லை.

நடைமுறைக் கஷ்டங்களைக் கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி) 2022 விதிப்படி பி.எச்டி முடிக்கக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தளர்வு உண்டு. வேலையில் இருந்தால் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி) வாங்க வேண்டும். வேறு பள்ளிகளில் தேர்வு வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஓரிடத்தில் என் கடிதம் இரண்டு மாதம் ஒரு மேசையிலேயே கிடந்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வு வந்து, அந்தப் பருவமே போய்விட்டது. சனிக்கிழமை நூலகம், ஞாயிற்றுக்கிழமை தாள். வீட்டில் என் கணவர் இட்லி மாவு அரைக்கக் கற்றுக்கொண்டார். இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது, செய்கிற வேலையில் பிடிப்பு இல்லாமல் இருப்பது. அதற்காகத்தான் தலைப்பை அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு பருவம் நோட்டில் மார்க்கே போடாமல் இருந்து பார்த்தேன். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்களே முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள், மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மார்க்கைப் பார்த்ததும் குறிப்பைப் படிப்பதில்லை போலும். நான் எழுதிய குறிப்புகளைப் பிள்ளைகள் படித்தார்கள், சிலர் பதிலும் எழுதினார்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில், "டீச்சர் நோட்டே திருத்துறது இல்லையா, மார்க்கே காணோமே?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டைப் புரட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதுவும் நல்லதுதான். தன் பிள்ளையின் கணக்கு நோட்டை முதன்முறையாகப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னார்.

பஸ் கணக்கைத் தூக்கவில்லை. "ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். விடைக்குக் கீழே "ஏன்?" என்று கேட்டு இரண்டு கோடு இடம் விட்டேன். எல்லாக் கேள்விக்கும் இப்போது அந்த இரண்டு கோடு உண்டு. டேவிட் ட்ரெகஸ்ட் என்பவர் அறிவியல் பாடத்துக்காக 1988-இல் விளக்கிய ஈரடுக்குத் தேர்வு முறையை, அதாவது முதலில் விடை, அடுத்து அதற்கான காரணம் என்று கேட்பதைத் தழுவியது அது. திருத்த இரண்டு மடங்கு நேரமாகிறது. காரணங்களை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் குறியீட்டுத் தாளில் ஏற்ற வேண்டும். நானும் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரும் தனித்தனியாகப் பிரித்து, எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று பார்க்கிறோம்.

போன வாரம் இறுதித் தேர்வின் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளி, எனக்கு முகம் தெரியாத பிள்ளை. பஸ் கணக்குக்கு 4 என்று சரியாகக் குறித்திருந்தாள். கீழே இரண்டு கோட்டையும் தாண்டி எழுதியிருந்தாள்: "மூன்று பஸ் நிறைந்துவிடும். நான்காவது பஸ்ஸில் பத்துப் பேர்தான். முப்பது சீட் சும்மா இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? எங்கள் அம்மா சித்தன்னவாசல் பார்த்ததில்லை."

என் குறியீட்டுத் தாளில் அதற்கு எண் இல்லை. 9, மற்றவை என்று போட்டேன். ஓரத்தில் அவள் எழுதியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.